கட்டைவிரல் துரு

திருவான்மியூரில், கடலிலிருந்து மூன்றாவது தெரு.
ஜன்னல் கம்பி இரண்டு வருஷம் தாங்கும்,
ஃபிரிட்ஜின் கால் ஒன்றரை.
இங்கே இரும்பு வைத்திருப்பது
அடுப்பில் பால் வைத்திருப்பது மாதிரி:
கண் அசந்தால் போச்சு.

என்னிடம் இருப்பது அறுபத்திரண்டில் செய்தது.
ஆறங்குலக் குழல், ஆறு அறை,
திருகி நகர்த்துகிற பின்குறி.
யாரையும் மிரட்ட அல்ல,
இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கும்
காகிதத்துக்காகவே பிறந்தது.
தட்டைமுகத் தோட்டா போடுகிற துளை
ஆபீஸ் பஞ்சிங் மிஷின் போட்டது போல
அத்தனை வட்டம்.

மரப்பிடியில், இடப்பக்கம், ஒரு பள்ளம்.
பெரம்பூர் டெஸ்மண்ட் ரொசாரியோவின் கட்டைவிரல்
முப்பத்தெட்டு வருஷம் தேய்த்தது.
கை நடுங்க ஆரம்பித்த மாதமே
விற்பனை அனுமதிக்கு எழுதிப்போட்டார்.
பிறகு பெர்த்துக்கு, மகளிடம்.
பிடியை மாற்றிவிடு என்றார்கள் ரேஞ்சில்.
மாற்றவில்லை.
என் விரல் சின்னது, அவர் பள்ளத்தில்
கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும்.
அந்த மிச்சத்தோடுதான் சுடுகிறேன்.

தோலுறையில் வைக்கக் கூடாது, தோல் ஈரம் குடிக்கும்.
வெல்வெட் பெட்டி அதைவிட மோசம்.
எண்ணெயில் தோய்த்த காலுறை ஒன்று,
செருப்புப் பெட்டிகளிலிருந்து சேர்த்த
'தின்னாதே' என்று எழுதிய பொட்டலங்கள்,
இரும்பு அலமாரி, ரெண்டு சாவி.
தேங்காய் எண்ணெய் போடேன் என்றார் கணவர்.
அவர் தலையைப் பார்த்தேன்.
அதோடு விட்டுவிட்டார்.
தையல் மிஷின் எண்ணெய், ஒரு சொட்டு.
அதையும் துடைத்துவிட வேண்டும்.
துடைத்தபின் எஞ்சுவதுதான் காவல்.

தேர்தல் அறிவித்த நாலாம் நாள்
ஸ்டேஷனில் ஒப்படைத்தேன்.
விலக்கு கேட்ட என் மனு
கமிஷனர் ஆபீஸில் எந்த மேஜையிலோ.
ரைட்டர் பாக்கியநாதன்
தயிர்சாதத்தின் நடுவில் எழுந்து வந்தார்.
பேரேட்டில்: ரிவால்வர் ஒன்று. பழையது.
"யாரையாவது சுட்டிருக்கீங்களாம்மா?"
"காகிதத்தை."
"காகிதம் இன்னா பண்ணுச்சு, பாவம்."
எண்ணைப் படிக்க வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்,
கட்டைவிரல் சிலிண்டரில் அழுந்த.
விரலில் மாவடு உப்பு.
துடைச்சு வைங்க சார் என்று துணியை நீட்டினேன்.
சிரித்தார்:
"இங்க கொண்டு வர்றவன் எல்லாம்
துடைச்சிட்டுத்தாம்மா கொண்டு வருவான்."

எழுபத்தொரு நாள்.
என் விரலிலும் மை வைத்தார்கள்,
நகம் வளர வளர
அது நுனிக்கு ஏறிப் போயிற்று.
யார் ஜெயித்தார் என்பதைவிட
மழை வருமா என்றுதான் செய்தி கேட்டேன்.

விசைக்கூட்டில் சணல் கயிறும் அட்டையுமாகத்
திரும்பி வந்தது.
கருநீல உருக்கின் மேல், மூன்றாம் அறைக்கு வெளியே,
செம்பழுப்பில் ஒரு கட்டைவிரல்.
சுழி, கிளை, குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு,
எல்லாம் அச்சு அசல்.
பொடி தூவித் தேடுவார்களே, அது
தானாகவே பூத்திருந்தது,
ஸ்டேஷன் பீரோவுக்குள்ளேயே.

இரவு, மெல்லிய கம்பிப் பஞ்சோடு உட்கார்ந்தேன்.
மேலே நின்ற தூள் வந்தது.
கோடுகள் உள்ளே இறங்கிவிட்டிருந்தன.
இன்னும் தேய்த்தால் போகும்,
கூடவே அறுபத்திரண்டின் நீலமும் போகும்.
மறுபடி நீலமேற்றினால்
புத்தம்புதுசாகிவிடும் என்றார் ஒருவர்.
புதுசு வேண்டுமென்றால்
புதுசையே வாங்கியிருப்பேனே.

நிறுத்தினேன்.
ஒரு சொட்டு.
துடைப்பு.

சனிக்கிழமை, எழும்பூர். காற்றில்லாத காலை.
பிடியில் ரொசாரியோ,
சிலிண்டரில் பாக்கியநாதன்:
குதிரையை இழுக்க இழுக்க அந்த விரல்
மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு
மறுபக்கம் இறங்குகிறது.
ஐந்து தோட்டா. நாலு பத்து, ஒரு ஏழு.
ஏழு என்னுடையது.