யானை வராத மணியோசை

காம்பியாவில் நாங்கள் ஓட்டைக் குத்துவதில்லை,
கோலிக்குண்டாகப் போடுகிறோம்.
தகர உருளை, கழுத்தில் ஒரு குழாய்,
குழாய்க்கடியில் ஒரு மணி.
குண்டு விழுந்தால் டிங்.
ஒரே ஆளுக்கு இரண்டு டிங் கேட்டால் திருட்டு.
அதனால்தான் தேர்தலன்று
சாவடிப் பக்கம் சைக்கிள் தலைகாட்டக் கூடாது.

தெந்தா கூந்தா பள்ளிக்கூடத்தில்
மஞ்சள் உருளைக்கு நான் ஏஜென்ட்.
பெயர் ஞிமா சான்யாங். தொழில் தர்பூசணி.
தட்டிப் பார்த்தே
உள்ளே சிவப்பா வெளுப்பா சொல்லிவிடுவேன் என்று
இந்தக் காதுகளைக் கட்சி கேட்டு வாங்கியது.

பச்சை உருளை
அல்ஹாஜி மாமூடு சொங்கோவுடையது.
கடலை மண்டி, மூன்று லாரி,
ஒரு மைத்துனன்.

ஒன்பதேகாலுக்கு ஒரு தையற்காரர்
மறைப்புக்குள் போனார். டிங்.
கொஞ்சம் பொறுத்து, பச்சைப் பக்கம், இன்னொரு டிங்.
தலைமை அலுவலர் ஹாடி ஞாய் பாய்ந்துபோய்
அவர் பையைக் கவிழ்த்தாள்:
இரண்டு பொத்தான், பாதி கடித்த கோலா கொட்டை.
பத்தரைக்கு மறுபடியும்.
இந்த முறை உள்ளே ஆளே இல்லை.
கோர்ப்பரல் ஜார்ஜு சைக்கிளைத் தேடி ஓடினார்.
அகப்பட்டது ஒரு கழுதை.
எச்சரித்து விட்டுவிட்டார்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
அன்றைக்கு மணியோசைதான் வந்துகொண்டே இருந்தது.

பச்சை ஏஜென்டுகளோ
டிங்குக்கு ஒரு கோடு, டிங்குக்கு ஒரு கோடு,
நோட்டெல்லாம் கோழி கிளறின மாதிரி.
மூன்று மணிக்குக் கூட்டிப் பார்த்து
ஒருவரையொருவர் கண்ணடித்துக்கொண்டார்கள்.
ஆற்றங்கரையில் இருபத்திரண்டு ஓட்டு
லாரிக்காக நின்றுகொண்டிருந்தது.
லாரி, வெற்றி விருந்துக்கு
ஆடு வாங்கப் போய்விட்டது.

ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தி
துளைப்பலகையில் குண்டுகளை அடுக்கினோம்.
வந்தவர்கள் முந்நூற்றுப் பதினொருவர்.
குண்டும் முந்நூற்றுப் பதினொன்று.
கேட்ட மணி மட்டும் முந்நூற்று இருபத்தாறு.
"ஓட்டைத் திருடுகிறவனைப் பார்த்திருக்கிறேன்,"
ஹாடி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்,
"சத்தத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகிறவனை..."

அப்போது அடித்தது
பதினாறாவது.

சுவருக்கு அந்தப் பக்கம் மதிய உணவுக்கான அரிசி அறை.
மூட்டைகளுக்கு நடுவே மைத்துனன் மசானே,
விடியற்காலையிலிருந்து குந்தியபடி.
பக்கத்தில் ஒரு காலுறை நிறைய கோலிக்குண்டு.
எதிரே, பச்சைக் குழாய் மட்டத்துக்குச் சுவரில் துளை.
கையில் போன்.
ரிங்டோன், சைக்கிள் மணி.
அவன் மூளையே மூளை:
வேறு சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமாம்,
இதென்றால் கூட்டத்தோடு கோவிந்தா.
குண்டைத் துளைக்கருகே கொண்டுபோகும்போதெல்லாம்
அல்ஹாஜி பொறுக்கமாட்டாமல் கூப்பிட,
இவன் திடுக்கிட,
குண்டு நழுவி அரிசிக்குள்.

கோர்ப்பரல் ஸ்பீக்கரை அழுத்தினார்.
"போட்டாச்சா?" என்றது கடலை மண்டி.
"போட்டாச்சு ஐயா," என்றார் பணிவாக. "விலங்கு."

சொங்கோ ஏழு ஓட்டில் தோற்றார்.

வாக்குமூலத்தில் நான் ஒன்றைச் சொல்லவில்லை.
நிஜக் குண்டு மணியில் பட்டதும்
கீழே கொட்டியிருக்கும் மரத்தூளில் விழும்.
டிங், பொத். டிங், பொத்.
மைத்துனன் டிங்குக்குப் பொத் கிடையாது.
பழுக்காத காய்.
பதினொரு மணிக்கே தெரிந்துவிட்டது எனக்கு.
பச்சை ஏஜென்ட் "கேட்டதா?" என்று திரும்பும்போதெல்லாம்
"கேட்டது, கேட்டது" என்றேன்,
அவருடைய கிளாஸில் இன்னும் கொஞ்சம்
அட்டாயா தேநீர் ஊற்றினேன்.
சதி என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.
காது கொடுக்கத்தான் என்னை உட்கார வைத்தார்கள்.
வாய் கொடுக்க அல்ல.

அடுத்த வாரம் முழுக்க
பிள்ளைகளின் மதியச் சோற்றில் கோலிக்குண்டு.
இதுவரை பதினான்கு.
ஒன்று பாக்கி என்கிறாள் ஹாடி,
தட்டுத் தட்டாக
மோப்பம் பிடித்தபடி.