நாற்பத்தேழு புள்ளி ஒன்பது

ரோவனியெமியில் இன்று மைனஸ் இருபத்தெட்டு.
தலையைக் கவிழ்த்து மேசைமேல் வைத்திருக்கிறேன்,
என் தலையை அல்ல, இன்ஜினின் தலையை.

எரியறையின் விளிம்பில் கிரீஸ் தடவி
துளையிட்ட அக்ரிலிக் தகட்டை அழுத்தி
பால் ஆலை ஆய்வகத்தில் இரவல் வாங்கிய பியூரெட்டிலிருந்து
நீல வைப்பர் திரவத்தை இறக்குகிறேன்.
சொட்டு.
சொட்டு.

ஒரு காற்றுக்குமிழ்
துளையோரம் ஒதுங்கி
தன்னையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது.
மேசையைச் சாய்த்து வழியனுப்புகிறேன்.

முதல் மூன்றும் நாற்பத்தாறு புள்ளி இரண்டு.
நான்காவது
நாற்பத்தேழு புள்ளி ஒன்பது.

துடைத்தேன். மறுபடி. அதே.
மூன்றாம் முறை, மூச்சைப் பிடித்துக்கொண்டு.
அதே.

உறைந்த ஏரியில் ஓட்டப்போகிற யோர்மா
"பதினொன்றுக்கு ஒன்று" என்று
சௌனாவில் எல்லோரிடமும் அளந்துவிட்டிருக்கிறான்.
கேஸ்கெட் கனத்தையும்
பிஸ்டன் உச்சியின் மயிரிழை இடைவெளியையும்
கூட்டி வகுத்தால்
மூன்று சிலிண்டர் பத்தைத் தாண்டுகிறது,
ஒன்று பத்தைத் தொடவேயில்லை.

லேத்துக்காரன் ஹெய்மோவை
வாய்க்குள் திட்டித் தீர்த்த பிறகுதான்
டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன்.
வால்வு அமர்கிற இடம் கொஞ்சம் பள்ளம்.
போன மார்ச், இரவு இரண்டு மணி,
இன்னும் துளி, இன்னும் துளி என்று
அதைக் கடைந்தது
இந்தக் கைதான்.

மற்ற மூன்றையும் தோண்டி
இதற்குச் சமமாக்கிவிடலாம்.
நாலும் ஒரே குறை என்றால்
அது குறையாகவே தெரியாது.

கதவைத் தள்ளிக்கொண்டு யோர்மா வருகிறான்,
பூட்ஸ் நிறையப் பனி.
"எவ்வளவு?"

சாக்பீஸ் எடுத்துத் தகரச் சுவரில்
எழுதுகிறேன்:
நான்காவது. 47.9. துவோவி.