பதினோராம் கூடு

பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்.
கலைஞர் ஓய்வூதியப் படிவம், மூன்று பிரதி.
இலக்கம் நாற்பத்தேழு என்று கூப்பிட
எழும்பி வந்தவரின் கழுத்தில்
கண்ணாடிக்குப் பதிலாக ஒரு நிறுத்தற்கடிகாரம்.

பெயர்: லியோன் மனுவேற்பிள்ளை.
விலாசம்: டைக் வீதி, கடலுக்கு மூன்று வீடு முன்னால்.
வயது?
பேனா ஊறவில்லை, உதறினேன்.
எண்பத்தொன்று.
தொழில்?
"படங்களுக்கு இசை."
எத்தனை பாட்டு?
"பாட்டு ஒண்டுமில்லை, பிள்ளை.
பாட்டு முடிஞ்சு சனம் கச்சான் வாங்கிக்கொண்டு வந்து இருக்குமே,
அதுக்குப் பிறகு கேக்கிறதெல்லாம் நான்."

படிவத்தில் அதற்கு இடமில்லை.
பாடகர், கூத்தர், தவில், சிற்பம், ஏனையவை.
ஏனையவையில் புள்ளடி போட்டேன்.

முப்பத்து மூன்று படம்.
சிங்களம் இருபத்தொன்பது, தமிழ் நாலு.
எழுத்தோட்டத்தில் பெயர் வந்தது பதினெட்டில்.
அதிலும் இரண்டில் நியோன்.
"சாப்பாடு குடுத்த கடைக்குக் கீழே" என்றார்,
குறையாக அல்ல, விலாசம் சொல்வதுபோல.

ஆதாரத்துக்குப் படச்சுருள் ஏதும்?
"ஆறு இருக்கு, கொழும்பில."
மற்றது?
"ஜூலை" என்றார்.
நான் வருடம் கேட்கவில்லை.

கலையை எங்கு, யாரிடம் பயின்றீர்?
தகப்பன் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி கழுவியவர்.
ஒருநாள் மகனை வெறுந்தாங்கிக்குள் விட்டுவிட்டு
வாளி எடுக்கப் போனார்.
பையன் தும்மினான்.
தும்மல் சுற்றிச் சுற்றி வந்தது, போகவே இல்லை,
ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக
வேறு யாருடையதோ ஆகிக்கொண்டு.
பதினாலு வரைக்கும் எண்ணினாராம்.
பயின்ற இடம் தாங்கி என்று எழுதலாம்.
ஆசிரியர் பெயர் கட்டாயம்.
கோடு இழுத்தேன்.

இருபது வருடம் கழித்து
கொழும்புக் கலையகத்தில் எதிரொலி யந்திரம் பழுதானபோது
ஒலிப்பதிவாளர் ரணவக்கவை இரவு மெயிலில் ஏற்றி
அதே தாங்கிக்குக் கூட்டிவந்திருக்கிறார்.
ஒரு புல்லாங்குழல், இரண்டு பெற்றோல்மக்ஸ்.
படத்தில் அது, விதவை கிணற்றடியில் நிற்கும் காட்சி.
தியேட்டரில் எவரும் சீனக்குடாவை நினைக்கவில்லை.
"நினைச்சிருந்தா நான் தோத்தன்."

இன்னொரு படம். கதாநாயகன் கடலைப் பார்க்கிறான்.
இயக்குநர் எட்டு வயலின் கேட்டார்.
எட்டுப் பேரும் வந்தார்கள், சுருதி சேர்த்தார்கள்.
இவர் பதினேழு செக்கனுக்கு ஒன்றும் எழுதவில்லை.
"எங்கட உள்துறைமுகம் வாய் திறக்கிறதோ?
எத்தினை கப்பல் கிடக்கு அதுக்குள்ள."
வாசிக்காத எட்டுப் பேரின் கூலியை
தயாரிப்பாளர் இவர் கணக்கில் கழித்தார்.
பற்றுச்சீட்டை மடித்து வைத்திருக்கிறார்.
இணைப்பு இரண்டு.

இதற்குள் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
வாசலில் நின்று தலையை நீட்டியது.
போன மாதம் காணிக் கோவையொன்றைத் தின்றது இதுதான்.
காவலாளி கைதட்ட, மெதுவாகத்தான் போனது.

முத்திரை குத்தினேன்.
அவர் கடிகாரத்தை நிறுத்தினார்.
"இருபத்தாறு நிமிஷம்.
இதில ஒரு இடத்துக்குத்தான் இசை வேணும்."
மான் வந்த இடமா?
"அங்க எல்லாரும் போடுவினம்."
பிறகு?
"வயது எண்டு கேட்டிட்டு
நீங்கள் நிமிர்ந்து பாக்கேல்லை.
அதில. ஒரு செலோ, ஒரே சுரம், ஆறு செக்கன்."

கோவை கொழும்புக்குப் போய் ஐந்து மாதம்.
இன்று திரும்பி வந்திருக்கிறது,
சிவப்பு மையில் ஒரு வரியோடு:
பதினோராம் கூடு நிரப்பப்படவில்லை.
விண்ணப்பதாரி வாசிக்கும் கருவி யாது?

டைக் வீதி இலக்கத்துக்கு எடுத்திருக்கிறேன்.
மணி போகிறது.
வரிசையில் நிற்பவர்கள் என்னைப் பார்க்கிறார்கள்,
நிமிர்ந்துதான் இருக்கிறேன்.
ஏழு.
எட்டு.