ஏழாவது வயிறு

ஜூன் மழையில், பந்தலூர் பஸ்ஸிலிருந்து
முதுகில் ஒரு மூட்டையும் முன்னால் ஒரு மூட்டையுமாக
இறங்கினாள் இங்குன்.
நார்வே. பயிற்சி சர்ஜன், மூன்றாம் வருடம்.
எட்டு வாரம். சம்பளமில்லை, டிக்கெட்டும் அவள் காசு.
'தன்னார்வலர்' என்று வருகைப் பதிவேட்டில் எழுதினேன்.

முன்மூட்டையில் எங்களுக்கென்று தையல் நூல்,
நானூறு பாக்கெட். பாதி, போன மார்ச்சிலேயே காலாவதி.
அவளுக்குத் தெரியாது,
கொடுத்தனுப்பியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.
உட்கார்ந்து பிரித்தேன்:
வயிற்றுக்கு இவை,
வாழைத்தண்டில் தைத்துப் பழக அவை.

இடது கைக்காரி.
எங்கள் தியேட்டரில் எல்லாமே வலக்கைக்குச் செய்தவை,
கத்தரி, ஊசிப்பிடி, நான்.
பதினெட்டு வருடமாக ஒரே பக்கம் நீட்டிய கை
முதல் வாரம் முழுக்க வெறுங்காற்றில் நின்றது.

மயில்வாகனம், சேரம்பாடி டீ ஃபேக்டரியில் ரோலர் ஓட்டுபவர்.
குடலிறக்கம், வலப்பக்கம்.
பதுளையில் பிறந்து ஆறு வயதில் கப்பலேறியவர்.
இரண்டு சர்க்கார் கையெழுத்துப் போட்டதில்
ஒரு நாடு மாறிப்போனவர் என்பதால்
எந்தத் தாளையும் விசாரிக்காமல் தொடமாட்டார்.

"பீச்சாங்கையாலயா அறுக்கப் போவுது இந்தப் பொண்ணு?"
அவங்களுக்கு அதுதான் சோத்துக்கை, என்றேன்.
"சரி. இது எத்தனாவது வயிறு?"

மொழிபெயர்த்தேன்.
ஒரு கணம் கதவைப் பார்த்தாள்.
பிறகு விரல்விட்டு எண்ணினாள். ஏழாவது.
"மத்த ஆறு பேரும் நல்லா இருக்காங்களா?"
அதற்கு அவளிடம் பதிலில்லை.
தைத்து முடிக்கும்போதே
அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்களாம்.
மயில்வாகனம் சிரித்தார்.
"எங்களையும் அப்படித்தான் மாத்திக்கிட்டே இருந்தாங்க."
பேனாவை வாங்கிக்கொண்டார்.

முதுகில் மரப்பூசி. விழித்துத்தான் இருந்தார்.
எதிரில் டாக்டர் போஜன், இரு கையும் கோத்து
மார்போடு வைத்துக்கொண்டு.
வலையை வைக்கும்போது கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் பிடிக்கப் பதினோரு வினாடி.
அவள் நெற்றி விளக்கு மட்டும்.
அதில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அவர் உடம்பு.
யாரும் மூச்சுவிடவில்லை.
துணிக்கு அந்தப் பக்கமிருந்து,
"எந்த ஃபேஸ் போச்சு?" என்றார் மயில்வாகனம்.

ஆகஸ்டில் கிளம்பினாள்.
அவளுடைய பயிற்சிக் குறிப்பேட்டில் பதினான்கு வரி,
'மேற்பார்வையில், தானே செய்தது.'
போஜன் கையெழுத்து. சீல்.
'அப்புறம்?' என்று அதில் ஒரு கட்டமில்லை.

செப்டம்பரில் அவர் வந்தார்.
தையலோரம் சீழ்.
போஜன் திறந்து கழுவினார், வலை தப்பித்தது.
பன்னிரண்டு நாள் டிரெஸ்ஸிங், நான்தான்.
ஒன்பதாம் நாள் கேட்டார்:
"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"
வேணாம், அடுத்த தடவை கை நடுங்கும், என்றேன்.
"சொல்லுங்க சிஸ்டர்.
அடுத்த வயிறு எந்த ஊர்ல படுத்திருக்கோ."

தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல்.
பனிமூட்டத்தில், சாக்ஸுக்குள் அட்டை ஏற ஏற
எனக்கு வந்த இங்கிலீஷில் நான்கு வரி.
கூடவே ஒரு போட்டோ, அவரிடம் கேட்டு எடுத்தது.

மறுநாளே பதில்.
காய்ச்சல் எத்தனாம் நாள்?
அன்றைக்கு என் கையுறை கிழிந்ததே,
மாற்றியது வலை வைப்பதற்கு முன்னா, பின்னா?
உள்ளே போட்ட நூல் எந்த பாக்கெட்?

மூன்றே கேள்வி. மன்னிப்பு எங்கும் இல்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது,
மூன்றாவது கேள்வியை
இரண்டாம் முறை படிக்கும் வரை.

தியேட்டர் பதிவேட்டை எடுத்தேன்.
ஜூலை பதினாறு.
பேர், வயது, மரப்பூசி, நேரம்,
கரண்ட் போன பதினோரு வினாடிகூட இருக்கிறது.
நூல் பாக்கெட் எண் என்ற கட்டம் காலி.
கையெழுத்து என்னுடையது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு
மறுபடி தொட்டி மேட்டுக்கு ஏறினேன்.