நடுவில் ஒருத்தி

ஜூலையில் கடைசி லோடு போன மறுநாள்
மண்டியைக் கழுவிவிட்டு வந்து
கப்பலில் போகலாம் என்றார்.
கே.ஆர்.பி. அணைக்கு மேல் தண்ணீர் பார்த்ததில்லை நாங்கள்.
ஒகேனக்கல் பரிசலில் ஒரே ஒருமுறை,
அதிலும் அவர் கண்ணை மூடியிருந்தார்.

சென்னையில் ஏறி
இரண்டு ராத்திரி கடலில் சும்மா சுற்றி
சென்னையிலேயே இறங்குவதாம்.
எங்கேயும் போகாததற்கு இவ்வளவு பணமா என்றேன்.

லண்டன்பேட்டையில் ஷாஹிதா பானு இருக்கிறாள்.
மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு பிரிண்டர்,
ஹஜ்ஜுக்கும் திருப்பதிக்கும் ஒரே நோட்டு.
அவளிடம் சொல்லலாமே என்றேன்.
"நடுவுல ஒருத்தர் எதுக்கு?"
சொன்னது திம்மராயன்,
முப்பத்தொரு வருஷமாகத்
தோப்புக்கும் கூழ் ஃபேக்டரிக்கும் நடுவில்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்.
நூற்றுக்குப் பத்து.

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ராத்திரி பதினொரு மணிக்கு
போனைத் தலையணையில் சாய்த்து
காம்பருகே முகர்ந்து பார்ப்பது போல
ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்.
ஜன்னல் இல்லாத அறை.
ஜன்னல் உள்ள அறை.
ஜன்னல் இருந்தும் உயிர்காப்புப் படகு மறைக்கும் அறை,
அது கொஞ்சம் மலிவு.
விலைக்குக் கீழே எறும்பு எழுத்தில் இன்னொரு விலை.
"பாத்தியா, நேராப் போனா நாலாயிரத்து இருநூறு மிச்சம்."
ஓடிபி வருவதற்குள் இரண்டு தடவை நேரம் முடிந்தது.
மூன்றாம் தடவை பணம் போனது, டிக்கெட் வந்தது.
டிக்கெட்டில் மகன் பெயரில்
ஒரு 'எச்' இல்லை.

மறுநாள் முழுக்க போன்.
தமிழுக்கு மூன்றை அழுத்தினால் இந்தி வந்தது.
நாற்பத்தேழு நிமிஷம் ஒரே பியானோ,
நடுநடுவே
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.

சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு
லண்டன்பேட்டைக்கே போனார்.
"நேரா எடுத்த டிக்கெட்ட நான் தொட முடியாதுண்ணா.
என் பேர்ல வந்திருந்தா அரை மணி நேரம்.
அந்தத் தள்ளுபடி எங்கிட்டயும் இருந்துச்சு,
என் கமிஷன் கம்பெனி தர்றது."
டீ வரவழைத்தாள்.

போச்சம்பள்ளி மாதப்பன்
போன வருஷம் நேராக ஃபேக்டரிக்கே லோடு ஏற்றிப் போய்
கேட்டில் இரண்டு நாள் வெயிலில் நின்று
பெங்களூரா சாறாக வழிய
மண்டிக்குத் திரும்பி வந்தான்.
என் பேர்ல வந்திருந்தா அரை மணி நேரம்,
இவர்தான் அன்றைக்குச் சொன்னார்.
ஞாபகம் வந்ததா தெரியாது.
டீயில் ஈ விழுந்தது போல
டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எச் விஷயத்தை மகனிடம் சொல்லச் சொன்னார்.
ஓசூருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
அவன் அப்பாவிடம் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்,
ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு.
மண்டி வேண்டாம் என்று அவன் கிளம்பி ஆறு வருஷம்.
அழுகலைப் பொறுக்கி
மேல் அடுக்கில் நல்லதாக வைத்து
இரண்டு பக்கமும் எடை சரிபார்த்து அனுப்புகிறேன்.
எனக்கு நூற்றுக்கு எத்தனை என்று
யாரும் கேட்டதில்லை.

மூன்று பேருக்கும் ஒரே அறை எடுத்திருக்கிறார்.
அதுதான் சிக்கனமாம்.

நேற்று
நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு
ரவுண்டானா தாண்டிப் போனேன்.
சீட்டுப் பணத்தை ஷாஹிதாவின் மேசையில் வைத்தேன்.
அதே கப்பல், அதே தேதி,
வேறு தளத்தில் ஒருத்திக்கு ஒரு அறை.
கடல் தெரிய வேண்டும்.
படகு மறைக்கக் கூடாது.

"கடலுக்குள்ள போயிட்டா சிக்னல் இருக்காதுக்கா,
பரவால்லயா?"

பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.
நோட்டில் எழுதித் திருப்பிப் படித்தாள்:
நாகவேணி.
இன்னொரு தடவை படி என்றேன்.