மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

முதல் வாரம் டிரம்போனைத் தொடவே இல்லை.
சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்து
அடிவயிற்றில் மக்காச்சோள மாவுப் பையை வைத்தேன்.
ஐந்து கிலோ.
மூச்சு இழுத்தால் பை ஏற வேண்டும்.
ஏறவில்லை. தோள்தான் ஏறியது,
காதைத் தொட்டுவிடும் போல.

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
மின்வெட்டு எட்டு மணிக்கு.
இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.
அந்தப் பக்கம் தெய்வானை மூட்லி
துடைப்பக் கட்டையோடு தயாராக இருப்பாள்.

‘உன் சத்தம் தகரமா இருக்கு’ என்றாள் நொன்லான்லா,
பேண்டில் எனக்கு இடப்பக்கம் உட்காருகிறவள்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை.
‘காத்து எங்கே நிக்குதுன்னு பாரு.’

பார்த்தேன். பல இடத்தில் நின்றது.
தாடையில். நாக்கின் வேரில்.
நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து
ரொட்டியும் பாலும் இடப்பக்கம் தள்ளித் தள்ளி
முறுக்கிக்கொண்ட விலாவில்.
அதற்கும் கீழே,
பன்னிரண்டு வயதில் பாவாடை நாடாவை இறுக்கிவிட்டு
அம்மா சொன்ன அந்த ஒரு சொல்லில்:
வயித்தை எக்கு.
முப்பது வருஷமாய் எக்கியிருக்கிறேன்.
கல்யாணப் படத்தில், பஸ் வரிசையில்,
யாருமே இல்லாத குளியலறையில்கூட.

இன்னொன்றும் இருந்தது.
மூன்று குளிர்காலத்துக்கு முன்பு ஒருவன்
துப்பாக்கியைக் கல்லாமேல் வைத்தான்,
தள்ளுபடிச் சீட்டை வைப்பதுபோல, மெல்ல.
நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.
அவன் பணத்தோடு போனான். போலீஸ் வந்து போனது.
மானேஜர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்.
அன்றைக்கு இழுத்ததில் கொஞ்சம்
இன்னும் வெளியே வரவில்லை என்பது
தரையில் கிடந்தபோதுதான் தெரிந்தது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
நாடாவை அவிழ்த்தேன்.
வயிறு சரிந்தது, அசிங்கமாய், என்னுடையதாய்.
பை ஏறியது
ஒரு விரற்கடை.
உள்ளே மாவு சரசரத்தது.

எழுந்து நின்றேன்.
செருப்பில்லாத பாதம். பூட்டாத முழங்கால்.
உதட்டை இறுக்காமல் சும்மா சேர்த்து
இருட்டில் ஊதினேன். ஊதினேன் என்பது தப்பு.
கொட்டாவிக்குத் திறக்கிற தொண்டை வழியே
‘போ’ என்று விட்டேன்.

முதல் ஸ்வரம் எருமை.
இரண்டாவது, காய்ச்சல் வந்த எருமை.
மூன்றாவதில்
அடுக்கிலிருந்த எவர்சில்வர் தம்ளர் ஒன்று
கூடவே முனகியது.
நிறுத்தவில்லை. மூச்சு தீரும்வரை,
தீர்ந்த பிறகும் கொஞ்சம்.
அழுகை வரும் என்று நினைத்தேன்.
ஏப்பம் வந்தது.

சுவர் சும்மா இருந்தது.
தெய்வானை வீட்டில் இல்லையோ என்னவோ.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது.
மூலையில் ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு விழித்து
தன் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டது.
பதினாறு வருஷமாய் அதையேதான் பாடுகிறது;
ஒருநாளும் கேட்டதில்லை.
குழாயை நீட்டி அதைத் தேடினேன்.
மூன்றாம் நிலையில் அது எனக்குக் கீழே.
நான்காம் நிலையில் மேலே.
நடுவில், புத்தகம் எண் போடாத ஓர் இடத்தில்
இரண்டு சத்தமும் உரசி, உரசி,
உரசல் மெதுவாகி,
நின்றது.

அப்போதுதான் துடைப்பக் கட்டை தட்டியது.
மூச்சு இன்னும் மிச்சமிருந்தது.