மூடியின் எடை

மூவாயிரத்து நானூறு டாலர்.
வங்கியில்தான் இருந்தது.
இரவில் நான் அதைத் தலையணைக்கடியில் இருப்பதுபோல
எண்ணிக்கொண்டிருப்பேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டிச் சேர்த்தது.
மைனஸ் முப்பத்தைந்தில் எஞ்சின்
இருமி இருமிக் கண்விழிக்கும்வரை
ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் சேர்த்தது.

ஓரெஸ்டுக்கு இடுப்பு. எனக்கு அந்த விரல்கள்.
சூடு நல்லது என்றாள் மருந்துக்கடைக்காரி.
சொல்வாள், அவள் கடைக்குள் இருபத்திரண்டு டிகிரி.

முதலில் பார்த்தது காற்றடிக்கும் தொட்டி.
விலை சிரித்த முகமாய் இருந்தது.
பெட்டியின் ஓரத்தில் எறும்பெழுத்தில்:
நான்கு டிகிரிக்குக் கீழே பயன்படுத்த வேண்டாம்.
நான்குக்குக் கீழே என்பதற்கு சஸ்காட்செவனில்
அக்டோபர் முதல் ஏப்ரல் வரை என்று பெயர்.

பிறகு டுவைட்டின் பழைய தொட்டி,
மெல்ஃபோர்ட்டுக்கு வெளியே, கனோலா வயலோரம்.
ஆறு பேர் உட்காரலாம், நாற்பத்தொரு ஜெட், நீல விளக்கு,
எல்லாம் ஆயிரத்து ஐந்நூறுக்கு.
தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டுங்கள் என்றேன்.
குழாய் உறையுமே, வடித்துவிட்டேன் என்றார்.
காலித் தொட்டி பொய் சொல்வதில்லை.
உண்மையும் சொல்வதில்லை.

ஓரெஸ்ட் பக்கப் பலகையைக் கழற்றினார்.
மோட்டாரின் மடியில் ஒரு சுண்டெலிக் குடும்பம்,
நுரைப்பஞ்சைக் கொறித்துக் கட்டிய மெத்தையில்.
அந்தத் தொட்டியால் குளிருக்குத் தப்பியவர்கள்
அநேகமாக அவர்கள் மட்டும்தான்.

மூடியைத் தூக்கப் போனேன். அசையவில்லை.
இருவருமாகத் தூக்கினோம்.
எத்தனை வருஷத்து ஆவியைக் குடித்திருந்ததோ,
நனைந்த மாட்டைப் புரட்டுவது போலிருந்தது.
ஊறிய மூடி சூட்டைக் காக்காது.
இதைப் பின்னால்தான் யாரோ சொன்னார்கள்,
தோள்பட்டைக்கு அன்றே தெரிந்துவிட்டது.

அதோடு இருநூற்று இருபது வோல்ட்.
தனி ஒயர் இழுக்க எலக்ட்ரீஷியன் கேட்டது
ஆயிரத்து நானூறு.
தொட்டியைவிட நூறு குறைவு, அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் ஓரெஸ்ட் கேட்டார்:
யார் அந்த ஆறு பேர்?
நீ. நான்.
லரிசா வான்கூவரிலிருந்து வந்தால் நான்கு நாள்,
அதில் மூன்று நாள் போனில்.
அப்புறம் பக்கத்து வீட்டு கெல்வின்.
கெல்வின் வருவார். கூப்பிடாமலே,
தினமும், பீரோடும் தன் டிராக்டரின் சரித்திரத்தோடும்.
மீதி இருக்கைகளை அவர் ஒருவரே நிரப்பிவிடுவார்.

கண்ணாடி மங்கும்வரை சிரித்தோம்.
அந்தச் சிரிப்பில்தான் முடிவாயிற்று என்று நினைக்கிறேன்.

இருவருக்கான தொட்டி. புதிது. சாதாரண பிளக்.
ஜெட்டைப் போட்டால் ஹீட்டர் நின்றுவிடும்,
குமிழியா சூடா, ஒன்றைக் கேள் என்கிற கறார்ப் பேர்வழி.
விளக்கு கிடையாது.
மிச்சப் பணம் அத்தனையும் மூடிக்கு.
யாரும் மூடிக்காகச் செலவழிப்பதில்லையே என்றான் கடைப் பையன்.
ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன்.
இன்னொரு முறை தூக்கினேன்,
அது சும்மா, சந்தோஷத்துக்கு.

ஜனவரி. என் தலைமுடி
வெள்ளைக் கம்பியாய் விறைத்து நிற்கிறது.
ஓரெஸ்டின் புருவத்தில் உறைபனி.
அவர் முழங்காலும் என் முழங்காலும்
இடத் தகராறில் இருக்கின்றன.
இவ்வளவு ஒட்டி உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று,
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

வேலிக்கு அப்பால் மண்வாரிச் சத்தம்.
யாரும் கேட்காமல் எங்கள் பாதையின் பனியை
அள்ளி எறிந்துகொண்டே வந்து சேர்ந்தார் கெல்வின்.
தொட்டியைப் பார்த்தார்.
இருக்கைகளை எண்ணினார், அதற்கு நேரமாகவில்லை.
கையுறைகளைக் கழற்றினார்.
சட்டையைச் சுருட்டி
முழங்கைவரை நீருக்குள் விட்டுக்கொண்டு, கண்ணை மூடி,
"எழுபத்தொன்பதில் நான் அதை வாங்கப் போனபோது," என்றார்.

அரை மணி ஆகிறது.
தண்ணீர் ஒரு டிகிரி இறங்கிவிட்டது.
டிராக்டர் இன்னும் கடையைவிட்டே கிளம்பவில்லை.